கூரையை மறந்த பசுமை வீடு

ஆற்றல் சிக்கன வீடு என்றால் என்ன என்ற கேள்விக்குப் பள்ளி, கல்லூரி மாணவர்கள் தரும் விடை பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கிறது. மொட்டை மாடியில் சோலார் பேனல், உள்ளே எல்இடி விளக்கு, ஐந்து நட்சத்திர ஏசி, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் சோலார் வாட்டர் ஹீட்டர், வாசலில் கொஞ்சம் புல்தரை. அறிவியல் கண்காட்சிக்கு வரும் தெர்மோகோல் வீடுகளில் இவை தவறாமல் இருக்கும். சிலவற்றில் கூரை ஓரத்தில் ஒரு குட்டிக் காற்றாலையும் சுழலும். வடக்கு எந்தப் பக்கம் என்று காட்டும் அம்புக்குறியை மட்டும் தேடித்தான் பார்க்க வேண்டும். கூரை எதனால் ஆனது, எத்தனை அங்குலத் தடிமன், ஜன்னல் எந்தத் திசையைப் பார்க்கிறது, உள்ளே வந்த காற்று எந்த வழியாக வெளியே போகும் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டு அதற்கு மதிப்பெண் போடும் நடுவர்களும் குறைவு.

இந்த விடைக்குப் பின்னால் இருக்கும் கருத்து இதுதான்: வீட்டை எப்படி வேண்டுமானாலும் கட்டலாம், பிறகு சரியான கருவிகளை வாங்கிப் பொருத்தினால் அது பசுமை வீடு ஆகிவிடும். விளம்பரங்களும் வீட்டுமனைத் துண்டறிக்கைகளும் இதையே சொல்கின்றன. பாடத்திட்டமும் சற்று நாகரிகமான மொழியில் இதையே திருப்பிச் சொல்கிறது. இந்தக் கருத்து தவறு. தமிழ்நாட்டுச் சமவெளி வெயிலில் இது வெறும் ஏட்டுப் பிழையாக நின்றுவிடுவதில்லை. மேல்மாடி அறையில் தூக்கம் இல்லாமல் புரளும் லட்சக்கணக்கான மனிதர்களின் இரவுகளில் போய் முடிகிறது.

ஒரு வீடு ஐம்பது, அறுபது ஆண்டு நிற்கும். ஏசியின் ஆயுள் பத்து ஆண்டுக்குக் கொஞ்சம் முன்பின். இன்வெர்ட்டரும் ஏறக்குறைய அவ்வளவுதான். சோலார் பேனல் 25 ஆண்டு உழைக்கும். கருவி பழுதானால் மாற்றிக்கொள்ளலாம். அடுத்து வாங்கும் கருவி முன்னதைவிடச் சிக்கனமாகவும் இருக்கும். வீடு எந்தத் திசை பார்த்து நிற்கிறது, படுக்கையறை மேற்கில் மாட்டிக்கொண்டதா, ஜன்னலுக்கு எதிரே இன்னொரு திறப்பு உண்டா என்பதெல்லாம் கடைக்கால் தோண்டும் முன்பே ஒருமுறை முடிவாகிவிடுகிறது. பிறகு இடித்தால்தான் மாறும். மாற்ற முடியாதவற்றை முதலிலும் மாற்றக்கூடியவற்றைக் கடைசியிலும் யோசிப்பதே முறை. நடைமுறையில் உள்ள பாடம் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, கடைசிப் படியை முழுப் பாடமாக நடத்துகிறது.

வெப்பம் வீட்டுக்குள் எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்து தொடங்கினால் வரிசை தானாகவே நேராகிவிடும். இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு நாட்டை ஐந்து தட்பவெப்ப மண்டலங்களாகப் பிரிக்கிறது. தமிழ்நாட்டின் பெரும்பகுதி அவற்றில் வெப்பமும் ஈரப்பதமும் கூடிய மண்டலத்தில் அடங்கும். இங்கே வீட்டைச் சூடாக்கும் தேவை கிடையாது. ஆண்டு முழுக்கக் குளிர்ச்சிதான் தேவை. சென்னை 13 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். நட்டுவைத்த குச்சிக்கு நிழலே விழாது. அந்த இரண்டு நாள்களுக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ நான்கு மாதமும் நண்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்காகவே நகர்கிறது. வெயில் கடுமையாக இருக்கும் காலத்தில் அதை நேருக்கு நேர் வாங்குவது சுவர் இல்லை, கூரை. மேகமில்லாத ஏப்ரல் நாளில் ஒரு சதுர மீட்டர் மொட்டை மாடியில் 6 யூனிட்டுக்கும் மேல் சூரிய ஆற்றல் விழுகிறது. அதே நாளில் மேற்குச் சுவரின் ஒரு சதுர மீட்டருக்குக் கிடைப்பது ஏறத்தாழ அதில் பாதி.

இந்தக் கூரை இன்று பெரும்பாலும் ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம். கான்கிரீட்டுக்குச் சுமை தாங்கத் தெரியும், வெப்பத்தைத் தடுக்கத் தெரியாது. நண்பகலில் வெற்றுத் தளத்தின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டும். அந்த வெப்பம் உடனே உள்ளே இறங்குவதில்லை. தளத்தின் கனத்துக்குள் ஊறி, சில மணி நேரம் கழித்தே அடிப்பக்கத்துக்கு வந்து சேர்கிறது. வெளியே வெயில் தணிந்து காற்று குளிரத் தொடங்கும்போது, உள்ளே மேற்கூரை சூடு கக்க ஆரம்பித்திருக்கும். ராத்திரி பத்து மணிக்குப் படுத்தவர் கையைத் தூக்கித் தளத்தைத் தொட முடிந்தால் அது உடம்பைவிடச் சூடாக இருப்பதை உணர்வார். ஃபேன் அனலடிக்கிறது என்று மேல்மாடி வீடுகளில் எல்லோரும் சொல்வது இதைத்தான். ஃபேனுக்கு வெப்பத்தை உண்டாக்கும் சக்தி அதிகம் இல்லை. தளத்தை ஒட்டித் தேங்கிய சூடான காற்றை அது கீழே தள்ளுகிறது. காற்று மட்டும் குளிர்ந்தாலும் போதாது. தலைக்கு மேல் சூடான பரப்பு இருக்கும்வரை அதன் கதிர்வீச்சு நேராக உடம்பில் விழுந்துகொண்டே இருக்கும். ஏசியை 24 டிகிரியில் வைத்தும் புழுங்குகிறது என்று 18 டிகிரிக்கு இறக்குபவர்களில் பலர் காற்றோடு அல்ல, கூரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இதை ஒன்பதாம் வகுப்பு மாணவரே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கட்டடப் பகுதியின் இரு பக்கத்துக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருக்கும்போது, ஒரு சதுர மீட்டர் வழியே எத்தனை வாட் வெப்பம் கடக்கிறது என்பதே யு மதிப்பு. வெற்றுக் கான்கிரீட் தளத்துக்கு அது சுமார் 3.5. வெளி, உள் வித்தியாசம் 20 டிகிரி என்று வைத்துக்கொண்டால் ஒரு சதுர மீட்டருக்கு 70 வாட். பத்து சதுர மீட்டர் படுக்கையறைக்கு 700 வாட். ஒரு டன் ஏசி வெளியேற்றக்கூடிய வெப்பம் சுமார் 3,500 வாட். ஆக, ஏசியின் வலிமையில் ஐந்தில் ஒரு பங்கு கூரை வழியே வரும் வெப்பத்தைத் துரத்துவதற்கே செலவாகிறது. மத்திய மின் அமைச்சகம் 2018 டிசம்பரில் குடியிருப்புகளுக்கென வெளியிட்ட எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்ற விதித்தொகுப்பு, கூரையின் யு மதிப்பு 1.2-க்கு மேல் போகக் கூடாது என்கிறது. அதே அறைக்கு அந்த அளவில் கணக்கிட்டால் 240 வாட்தான் வருகிறது. தளத்தின் ஊடே வெப்பம் தாமதித்து நகர்வதால் உண்மைக் கணக்கு இதைவிடச் சிக்கலானது. ஆனாலும் விகிதம் தெளிவு. மூன்றில் இரண்டு பங்கு வெப்பம் வாசலிலேயே நின்றுவிடுகிறது. இதற்கு மின்சாரம் வேண்டாம், பராமரிப்பு ஒப்பந்தம் வேண்டாம். தளத்தின் மேல் ஓர் அங்குலத் தெர்மோகோல் வகைக் காப்புப் பலகையும் அதன்மேல் பாதுகாப்புப் பூச்சும் சரியாகப் போட்டாலே அந்த அளவை எட்டிவிடலாம்.

இந்த ஊர்க் கட்டுமானக்காரர்களுக்குக் கூரையின் முக்கியத்துவம் புதிதல்ல. மெட்ராஸ் டெரஸ் என்று பெயர் பெற்ற பழைய தளத்தில் தேக்கு உத்தரக்கட்டைகளை நெருக்கமாகப் பரப்பி, மெல்லிய செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்திக் குறுக்குச் சாய்வாகச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்குவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரைத் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு பதியும். ஒரு சாண் அளவைத் தாண்டும் அந்தத் தடிமனும் செங்கல்லுக்குள் அடைபட்ட காற்றும் வெயிலை மெதுவாக்கின. கான்கிரீட் வந்த பிறகும் பல பத்தாண்டுகள் தளத்தின்மேல் சுருக்கி போடும் வழக்கம் நீடித்தது. மூன்று அங்குலச் செங்கல் ஜல்லி சுண்ணாம்புக் கலவை, அதன்மேல் தட்டோடு. மழைநீர் இறங்காமல் இருக்கவே அது போடப்பட்டாலும் வெப்பத்தையும் ஓரளவு தடுத்தது. இன்று சுருக்கி அடிக்கத் தெரிந்த ஆட்கள் குறைந்துவிட்டார்கள், நல்ல சுண்ணாம்பு கிடைப்பதும் சிரமம். தளத்துக்கு ஒரு நீர்த்தடுப்பு ரசாயனப் பூச்சு, முடிந்தால் மேலே டைல்ஸ் என்று வேலை சுருங்கிவிட்டது. மழை இறங்குவதில்லை, வெயில் தாராளமாக இறங்குகிறது. மாதிரி வீட்டில் கூரையை ஒரே அட்டையாக வெட்டி ஒட்டும் மாணவருக்கு இந்த அடுக்குகளில் ஒன்றுகூடச் சொல்லப்படுவதில்லை என்பது வருத்தத்துக்குரியது.

காப்புப் பலகைக்கு வசதி இல்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. அழுக்கேறிய சாம்பல் நிறக் கான்கிரீட், மேலே விழும் வெயிலில் சுமார் 70 சதவீதத்தை விழுங்கிக்கொள்ளும். புதிதாக அடித்த வெள்ளைச் சுண்ணாம்பு விழுங்குவது 20 சதவீதம் அளவுக்குத்தான். நண்பகலில் 60 டிகிரியைத் தாண்டும் தளம் வெள்ளைப் பூச்சுக்குப் பிறகு 45 டிகிரியை ஒட்டி நிற்கும். கடையில் கூலிங் டைல்ஸ், கூல் ரூஃப் பெயின்ட் என்று விற்பவை செய்யும் வேலையும் இதுதான். அகமதாபாத் 2017 முதல் இதை நகரத் திட்டமாகவே எடுத்துக்கொண்டது. தெலங்கானா 2023-ல் குளிர்கூரைக்கென ஒரு மாநிலக் கொள்கையையே வெளியிட்டது. வெள்ளைப் பூச்சின் பலவீனம் தூசி. பாசியும் புழுதியும் படிந்தால் ஓரிரு ஆண்டில் பலன் குறையும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, பங்குனி வெயில் ஏறுவதற்கு முன், தை மாசியில் மறுபடி அடித்துவிட்டால் கோடைக்குத் தயார். பொங்கலுக்கு வெள்ளையடித்த ஊர் இது. அந்த வெள்ளை சுவரோடு நின்றுவிடாமல் மொட்டை மாடிக்கும் ஏறினால் போதும்.

நடைமுறைப் பாடத்தின் இன்னொரு குறை, அது பெரும்பாலும் குளிர்நாட்டிலிருந்து வந்தது என்பது. தெற்குப் பக்கம் பெரிய கண்ணாடி, காற்றுப் புகாத சுவர், சுற்றிலும் கனமான காப்பு: ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் 1991-ல் குடியேறப்பட்ட முதல் பாசிவ்ஹவுஸ் வீடுகளிலிருந்து பரவிய பாடம் இது. அங்கே இது மிகச் சரி. 50 டிகிரி அட்சத்தில் டிசம்பர் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 17 டிகிரி உயரம்கூட ஏறுவதில்லை. தாழ்ந்து வரும் அந்த வெயிலைத் தெற்கு ஜன்னல் வழியே உள்ளே பிடித்துவைத்து, ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 15 யூனிட்டுக்குள் சூடாக்கும் செலவை அடக்கிவிடுகிறார்கள். சென்னையில் அதே டிசம்பர் நண்பகலில் சூரியன் 53 டிகிரிக்கு மேல் நிற்கிறது, உள்ளே பிடித்துவைக்க வேண்டிய தேவையும் இல்லை. ஏசி இல்லாத, ஃபேனையும் காற்றையும் நம்பிய வீட்டைக் காற்றுப் புகாமல் அடைப்பது அதில் வாழ்பவர்களுக்குச் செய்யும் கொடுமை. ஆனாலும் தெற்கு நோக்கிய கண்ணாடிச் சுவருடன் கூடிய பசுமை வீட்டின் படம் இங்குள்ள மாணவர் செயல்திட்டங்களில் சர்வ சாதாரணமாக வருகிறது.

இங்கே கவனம் வேண்டியது மேற்கு. எல்லா ஜன்னலுக்கும் ஒரே அளவில் இரண்டடி சன்ஷேடு போடுவது கொத்தனார்களின் வழக்கம். தெற்கு ஜன்னலுக்கு அது நன்றாகவே வேலை செய்கிறது: டிசம்பர் நண்பகலில் இரண்டடி சன்ஷேடு சுவரில் ஏறத்தாழ இரண்டே முக்கால் அடி ஆழத்துக்கு நிழல் தரும். மேற்கில் கதை வேறு. மார்ச் மாதத்தில் மாலை நான்கு மணிக்குச் சூரியன் 30 டிகிரி உயரத்தில், ஏறக்குறைய நேர் எதிரே நிற்கிறது. அப்போது அதே சன்ஷேடின் நிழல் ஓரடியைச் சற்றே தாண்டும். நாலடி ஜன்னலில் கிட்டத்தட்ட மூன்றடி வெயிலில் காயும். ஐந்து மணிக்கு நிழல் இன்னும் சுருங்கும். மேற்கு ஜன்னலுக்குச் சன்ஷேடை நீட்டிப் பயனில்லை. செங்குத்துத் தடுப்பு, மூங்கில் தட்டி, வெளிப்பக்கத் திரை, ஒரு மரம் என்று பக்கவாட்டில் மறைக்க வேண்டும். அதைவிட நல்லது, மேற்கில் குளியலறையையும் மாடிப்படியையும் பொருள்வைப்பு அறையையும் ஒதுக்கிப் படுக்கையறையை அங்கிருந்து நகர்த்துவது. காகிதத்தில் இதற்கு ஆகும் செலவு ஓர் அழிரப்பர். இந்தக் கணக்குக்குத் தேவையான கோண விகிதங்கள் பத்தாம் வகுப்புக் கணிதத்திலேயே இருக்கின்றன. ஆனால் அங்கே கலங்கரை விளக்கத்திலிருந்து படகு எவ்வளவு தூரம் என்று கேட்கிறார்களே தவிர, சன்ஷேடின் நிழல் எவ்வளவு என்று கேட்பதில்லை.

காற்றுக்கும் இதே அலட்சியம்தான். வெப்பமும் ஈரமும் கூடிய மண்டலத்தில் உடம்பைக் குளிர்விப்பது வியர்வையை உலர்த்தும் காற்றோட்டம். இந்த மண்டலத்தில் வீட்டின் திறக்கக்கூடிய பரப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது எக்கோ நிவாஸ் சம்ஹிதா. திறக்கக்கூடிய என்ற சொல்லில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். கீல் வைத்து வெளிப்பக்கம் திறக்கும் பழைய மரக்கதவு ஜன்னல் தன் பரப்பில் 90 சதவீதத்தைத் திறந்துவிடும். இன்று எல்லா அடுக்ககங்களிலும் காணப்படும், ஒன்றின்மேல் ஒன்று நகரும் இரட்டைக் கண்ணாடி ஸ்லைடிங் ஜன்னல் எவ்வளவு தள்ளினாலும் பாதிதான் திறக்கும். பார்வைக்கு ஆறடி அகலம், காற்றுக்கு மூன்றடி. நாகரிகமாகத் தோன்றும் அந்த மாற்றம் ஒரே அடியில் வீட்டின் மூச்சைப் பாதியாக்கிவிட்டது. லிண்டலுக்கு மேலே இருந்த வென்டிலேட்டரையும் சேர்த்தே எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் லாஃப்ட் வந்து உட்கார்ந்து, பழைய பாத்திரமும் சூட்கேசும் நிறைந்துவிட்டது. சூடான காற்று மேலே ஏறும், அது வெளியேற மேலே ஒரு வழி வேண்டும் என்பது பாடப்புத்தகத்தில் வெப்பச்சலனம் என்ற தலைப்பில் இருக்கிறது. வீட்டில் அந்த வழி அடைபட்டிருப்பதை எந்தச் செயல்திட்டமும் கவனிப்பதில்லை. ஒரே சுவரில் இரண்டு ஜன்னல் வைப்பதைவிட, எதிரெதிர்ச் சுவர்களில் ஒவ்வொன்று வைப்பது மேல். நுழைந்த காற்றுக்கு வெளியேற வழி இல்லையென்றால் அது நுழையவும் செய்யாது.

கருவிகளைக் குறைத்துச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. பழைய சீலிங் ஃபேன் 75 வாட் வாங்குகிறது, பிஎல்டிசி ஃபேன் 30 வாட் அளவில் அதே காற்றைத் தருகிறது, மாற்றுவது நல்லதே. மூன்று கிலோவாட் சோலார் பேனல் இந்த வெயிலில் நாளொன்றுக்குச் சுமார் 12 யூனிட் தரும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டம் அதற்கு 78,000 ரூபாய் மானியமும் தருகிறது. கூரைக்குச் சற்று மேலே தூக்கி நிறுத்திய பேனல் தளத்துக்கு நிழலும் தருகிறது என்பதைப் பேனல் விற்பவர்கள்கூடப் போதுமான அளவு சொல்வதில்லை. ஆனால் பேனல் பகலில் உற்பத்தி செய்கிறது, தளம் சூட்டைக் கக்குவதும் படுக்கையறை ஏசி ஓடுவதும் இரவில். 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. இந்தத் தேவையில் குளிரூட்டலின் பங்கு பேனலை மட்டும் சேர்ப்பதால் குறைவதில்லை. ஓட்டை வாளியில் இன்னும் வேகமாகத் தண்ணீர் ஊற்றுவதாகவே அது ஆகிறது. பேனலுக்கு மானியம் தரும் அந்தத் திட்டத்தில், பேனல் உட்கார்ந்திருக்கும் கூரையைக் குளிர்விக்க ஒரு ரூபாய்க்கும் இடமில்லை.

மாணவர்களுக்கென உலக அளவில் நடந்த ஒரு பெரிய போட்டியின் வரலாறும் இதையே காட்டுகிறது. அமெரிக்க எரிசக்தித் துறை 2002-ல் வாஷிங்டன் நேஷனல் மாலில் சோலார் டெகத்லான் போட்டியைத் தொடங்கியது. பல்கலைக்கழக மாணவர்கள் சூரிய ஆற்றலில் இயங்கும் முழு வீட்டைக் கட்டிக் காட்ட வேண்டும். 2007-லும் 2009-லும் வென்றது டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். 2009-ல் அவர்கள் கட்டிய வீட்டில் கூரை மட்டுமின்றி வெளிச்சுவர்களும் சூரிய மின்கலங்களால் மூடப்பட்டிருந்தன. தொழில்நுட்பச் சாதனை என்ற அளவில் அது போற்றத்தக்கது. ஆனால் பணத்தைக் கொட்டிப் பேனலை அடுக்குபவர் முந்திச் செல்லக்கூடிய போட்டியாக அது மாறிக்கொண்டிருந்தது. 2011-ல் கட்டுப்படியாகும் விலை என்பது தனிப் போட்டிப் பிரிவாகச் சேர்க்கப்பட்டு, இரண்டரை லட்சம் டாலருக்குள் கட்டிய வீட்டுக்கே முழு மதிப்பெண் என்றானது. இந்தியாவில் 2020 முதல் இதன் பெயரில் நடக்கும் போட்டியிலும் மாணவர்கள் பங்கேற்கிறார்கள். பள்ளிக் கண்காட்சிகள் மட்டும் பேனலை எண்ணி மதிப்பிடும் இடத்திலேயே நிற்கின்றன.

கருவியை முன்வைப்பவர்கள் சொல்லும் மறுமொழிகளில் வலுவானது மனையின் அளவு. முப்பதுக்கு நாற்பது அடி மனை, இரு பக்கமும் ஒட்டிய வீடுகள், தெரு எந்தத் திசையோ அதுவே வாசல். இதில் திசையாவது காற்றாவது என்பார்கள். இதில் உண்மை உண்டு. ஆனால் ஒட்டிய வீட்டுக்கு ஒரு நன்மையும் உண்டு: பக்கத்துச் சுவர்கள் ஒன்றையொன்று வெயிலிலிருந்து மறைத்துக்கொள்கின்றன. அப்படிப்பட்ட வீட்டில் வெப்பம் வரும் வழி கூரையும் முன், பின் முகங்களும் மட்டுமே. கூரையை எப்படிப் போடுவது என்பது எவ்வளவு சிறிய மனையிலும் உரிமையாளர் கையில்தான் இருக்கிறது. காற்றுக்கு மாடிப்படி இருக்கிறது. படிக்கட்டு அறையின் உச்சியில் எப்போதும் திறந்திருக்கும், மழை அடிக்காத ஜாலி வைத்துவிட்டால், வீட்டின் சூடான காற்று முழுக்க அந்த வழியே ஏறி வெளியேறும். செட்டிநாட்டு வீடுகளின் முற்றம் செய்த வேலையில் ஒரு பங்கையாவது அது செய்யும்.

செலவு கூடும் என்பது இன்னொரு மறுமொழி. இதற்குத் திருவனந்தபுரத்தில் செங்கல்லாலேயே விடை எழுதிவைத்திருக்கிறார் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர். அங்குள்ள வளர்ச்சி ஆய்வு மைய வளாகத்தை அவர் 1970-களில் கட்டினார். செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்தி நடுவே காற்றுப்பை விடும் எலிப்பொறிக் கட்டில் ஒன்பது அங்குலச் சுவருக்குச் செங்கல் நான்கில் ஒரு பங்கு மிச்சமாகிறது, உள்ளே அடைபட்ட காற்று வெயிலையும் தடுக்கிறது. கான்கிரீட் தளத்தின் அடிப்பகுதியில் வலிமைக்குப் பயன்படாத கான்கிரீட்டை எடுத்துவிட்டு அங்கே மங்களூர் ஓடுகளை வைக்கும் ஃபில்லர் ஸ்லாப் முறையில் சிமென்டும் குறைகிறது, ஓடுகளுக்கு நடுவே காற்றும் நிற்கிறது. ஜன்னலுக்குப் பதில் செங்கல் ஜாலி. ஒவ்வொன்றிலும் செலவு குறைந்திருக்கிறது, வெப்பமும் குறைந்திருக்கிறது. சிமென்டைக் குறைப்பது வேறொரு வகையிலும் பெரிது. சுண்ணாம்புக்கல்லை 1,450 டிகிரியில் எரித்துச் செய்யும் அந்தப் பொருள்தான் உலகின் கார்பன் டை ஆக்சைடு வெளியீட்டில் 7, 8 சதவீதத்துக்குக் காரணம். தேவைக்கு மேல் பெரிதாகக் கட்டிய வீடு எத்தனை பேனல் வைத்தாலும், குடிபுகும் நாளுக்கு முன்பே அந்தக் கடனைச் சுமந்துகொண்டுதான் நிற்கிறது.

எதிர்ப்பக்கத்தில் இருக்கும் ஒரு மிகையையும் இங்கே மறுத்தாக வேண்டும். பழைய வீடு எல்லாம் குளுமை, மண் சுவர் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்ற பேச்சு அது. கனத்த மண் சுவர் பகல் வெப்பத்தைச் சேமித்து இரவில் விடும். இரவு நன்றாகக் குளிரும் உள்மாவட்டங்களில் அது அருமையாக வேலை செய்யும். கடற்கரையோரச் சென்னையில் மே மாத இரவு 28 டிகிரிக்குக் கீழ் இறங்கவே தயங்கும். சேமித்த சூட்டை விடச் சுவருக்கு நேரம் கிடைப்பதில்லை. அங்கே கனத்தைவிட நிழலும் காற்றும் முக்கியம். புதுச்சேரிக்கு அருகே ஆரோவில்லில் சுடாத மண்கற்களைக் கொண்டு கட்டிய கட்டடங்கள் குளிர்ந்திருப்பதற்கு மண்ணோடு அகலமான தாழ்வாரமும் சுற்றியுள்ள மரங்களும் காரணம். மண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு நிழலை விட்டுவிடுவதும் கருவிப் பாடத்தின் இன்னொரு வடிவம்தான்.

மாணவர்கள் இதைக் கற்பதற்குப் பெரிய ஆய்வகம் வேண்டாம். ஒரே அளவில் இரண்டு பெட்டி, ஒன்றின் மூடி சாம்பல், மற்றது வெள்ளை, உள்ளே இரண்டு வெப்பமானி. பள்ளி மொட்டை மாடியில் காலை முதல் மாலை வரை மணிக்கொருமுறை அளந்தால் கூரைப் பாடம் முடிந்துவிடும். நட்டுவைத்த குச்சியின் நிழலை ஆண்டு முழுக்கக் குறித்தால் சூரியப் பாதை கைவசமாகும். ஊதுபத்திப் புகையை ஜன்னலருகே பிடித்தால் வகுப்பறைக்குள் காற்று வருகிறதா, தேங்குகிறதா என்று கண்ணால் பார்க்கலாம். இந்த மூன்றையும் செய்தவர் வரையும் வீட்டில் வடக்கு அம்பு தானாக வந்துவிடும், பேனலுக்கு முன் கூரை வந்துவிடும்.

பாடத்தை மாற்றுவது அவசரம். பசுமை வீடு என்று இன்றைக்குக் கற்பவர்கள்தான் நாளை பொதுப்பணித் துறையிலும் ஊரக வளர்ச்சித் துறையிலும் உட்கார்ந்து மதிப்பீடு எழுதப்போகிறவர்கள். தமிழ்நாடு அரசு 2024-ல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டம், 2030-க்குள் எட்டு லட்சம் வீடுகள் கட்ட உத்தேசிக்கிறது. ஒரு வீடு 360 சதுர அடி. மூன்றரை லட்சம் ரூபாய் உதவி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம். மொத்தம் 24 கோடி சதுர அடிக் கூரை. அதில் குடியேறுபவர்களில் பலருக்கு ஏசி வாங்க வாய்ப்பில்லை, அவர்கள் வாழ்க்கை முழுவதும் நம்பப்போவது ஒரு ஃபேனையும் அந்தத் தளத்தையும்தான். அந்தத் தளத்தின்மேல் வெள்ளைப் பூச்சு, எதிரெதிர்ச் சுவர்களில் முழுதாகத் திறக்கும் ஜன்னல், லிண்டலுக்கு மேல் வென்டிலேட்டர், மேற்கில் படுக்கை இல்லாத வரைபடம் ஆகிய நான்கும் மதிப்பீட்டில் சில வரிகள். தளம் போட்ட பிறகு பூச்சை மட்டும் சேர்க்கலாம். மற்ற மூன்றையும் சேர்க்க முடியாது.